காணிக்கையை எண்ண இரண்டு பேர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய திருச்சபைகளின் நிலம், பள்ளிக்கூடம், நிர்வாகத் தேர்தல் என்று வரும் வழக்குகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறையவே எழுதுகின்றன. எழுத வேண்டியதுதான். ஆனால் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மாடியை வாடகைக்கு எடுத்து நாற்பது, அறுபது குடும்பங்களோடு நடக்கும் சிறு சபைகளில் பணம் எப்படிக் கையாளப்படுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அங்கே கோர்ட்டு வரை போவது அபூர்வம். மனஸ்தாபம் வரும், சபை இரண்டாகும், அடுத்த தெருவில் புதிதாக ஒரு போர்டு ஏறும். வெளியே உபதேச வேறுபாடு என்பார்கள். விசாரித்தால், பல இடங்களில் கணக்குதான் காரணமாக இருக்கும்.

இப்படிப்பட்ட சபைகளின் கணக்கை எழுதுகிறவர்களும் தணிக்கை செய்கிறவர்களுமாகச் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். திருட்டைப் பற்றி எழுத வரவில்லை. காணிக்கையைத் திருடுகிறவர்கள் குறைவு. நல்ல மனிதர் ஒருவர் தானே எண்ணி, தானே எழுதி, தன் வீட்டு பீரோவில் வைத்திருப்பதுதான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. ஏழெட்டு வருஷம் அவர் ஒரு ரூபாய்கூடத் தொடாமல் இருந்திருப்பார். ஒருநாள் யாராவது ஒரு கேள்வி கேட்டால், தன் நேர்மைக்குச் சாட்சியாகக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

அநேகமாக எல்லாச் சபைச் சுவரிலும் ஒரு ஃபிளெக்ஸ் தொங்குகிறது. பரிசுத்தம், அன்பு, உண்மை, தாழ்மை, உக்கிராணத்துவம் (ஒப்படைக்கப்பட்டதை உண்மையாய் நிர்வகிப்பது) என்று சபையின் விழுமியங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். உக்கிராணத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் அது கொடுக்கிறவர்களுக்கான பிரசங்கமாகவே இருக்கும். மல்கியா மூன்றாம் அதிகாரம் வரும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் வரும். வாங்கி வைத்திருக்கிறவர்களைப் பார்த்து அதே பிரசங்கம் எத்தனை சபையில் நடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து தொடங்குவோம். ஆசீர்வாதம் கூறி முடித்த பத்து நிமிடத்துக்குள், கூடம் காலியாவதற்கு முன், எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரு மேஜையில் காணிக்கை எண்ணப்பட வேண்டும். எண்ணுகிறவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. போதகரோ அவர் வீட்டாரோ அந்த மேஜையில் உட்காரக் கூடாது. பொருளாளரும் எண்ணக் கூடாது. எண்ணியதைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர் அவர். எண்ணுவது, எழுதுவது, பேங்கில் கட்டுவது மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் பிசகு எந்த இடத்தில் நடந்தது என்று அந்த ஆளாலேயே சொல்ல முடியாது. ஆறு பேரைத் தேர்ந்துகொண்டு மாதத்துக்கு இருவர் என முறை வைத்தால் யாருக்கும் பாரமில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவராவது இருக்கட்டும். வீட்டில் சீட்டுப் பணமும் ரேஷன் காசும் எண்ணிப் பழகிய கை. சில்லறையில் தப்பு விடாது.

எண்ணும் தாளில் நோட்டுவாரியாக எழுத வேண்டும். உதாரணத்துக்கு ஒரு ஞாயிறு: 500 ரூபாய் 6, 200 ரூபாய் 9, 100 ரூபாய் 31, 50 ரூபாய் 22, 20 ரூபாய் 34, 10 ரூபாய் 57, நாணயம் 214 ரூபாய். ஆக மொத்தம் 10,464. தாளை இரண்டு பிரதி எடுக்க கார்பன் பேப்பர் போதும். இருவரும் கையெழுத்திட்டு ஒன்று பொருளாளருக்கு, இன்னொன்று செயலரின் ஃபைலுக்கு. கிழிந்த நோட்டையும் தனியாகக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை பேங்கில் கட்டிய தொகை நூறு ரூபாய் குறையும்போது சந்தேகம் எண்ணியவர் மேல் விழும். கவரில் வந்த காணிக்கை என்றால், கவரைப் பிரித்ததும் உள்ளே இருந்த தொகையைக் கவர் மேலேயே பென்சிலால் எழுதி, கவரை அந்த நிதியாண்டு முடியும்வரை வைத்திருங்கள். "நான் ஆயிரம் போட்டேன், ஐந்நூறுக்குத்தான் ரசீது வந்தது" என்ற பேச்சுக்கு அந்தக் கவர் ஒன்றுதான் பதில்.

அந்த 10,464 ரூபாய் அப்படியே, ஒரு ரூபாய் குறையாமல், பேங்குக்குப் போக வேண்டும். சிறு சபைகளில் நாங்கள் பார்க்கும் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான். வெளியூரிலிருந்து வந்த தேவசெய்தியாளருக்கு 1,500, மதியச் சாப்பாட்டுக்கு 400 என்று பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மீதி 8,564-ஐக் கட்டுவார்கள். கணக்கில் அன்றைய காணிக்கை 8,564 என்று ஏறும். யாரும் எதையும் எடுக்கவில்லை; ஆனாலும் வரவில் 1,900 காணோம், செலவிலும் 1,900 காணோம். வருஷத்தில் இப்படி இருபது ஞாயிறு நடந்தால் சபையின் உண்மையான வரவு என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

சில்லறைச் செலவுக்கு வேறு வழி இருக்கிறது. பேங்கிலிருந்து 2,000 ரூபாய் எடுத்து ஒரு டப்பாவில் வையுங்கள். அதிலிருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் வவுச்சர் போட்டு அதே டப்பாவில் வையுங்கள். எந்த நேரத்தில் திறந்தாலும் இருக்கும் காசும் வவுச்சர்களும் கூடினால் 2,000 வர வேண்டும். காசு தீர்ந்ததும் வவுச்சர்களின் மொத்தத்துக்கு மட்டும் மறுபடி பணம் எடுத்தால் டப்பா மீண்டும் 2,000 ஆகும். பூ, டீ, ஆட்டோ போன்றவற்றுக்குக் கடைக்காரர் பில் தரமாட்டார். சபையின் வவுச்சரிலேயே எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று எழுதி வாங்கியவரின் கையெழுத்தோடு இன்னொருவர் கையெழுத்தும் இருந்தால் போதும். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கும் பங்க் பில், சூப்பர் மார்க்கெட் பில் எல்லாம் சூட்டில் அச்சாகும் தாள். சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுங்கள்.

கேஷ் புக்கும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாதபோது பொருளாளர்கள் இரவு முழுக்கத் தேடுவதுண்டு. ஒரு சூட்சுமம்: வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசம் இரட்டைப்படை எண்ணாக இருந்தால் அதில் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்; வரவில் எழுத வேண்டியது செலவில் ஏறியிருக்கும். வித்தியாசத்தை "இதர செலவு" என்று போட்டு மூடுவது மட்டும் கூடாது. இதர செலவு என்ற தலைப்பு பெருத்துக்கொண்டே போகிற கணக்கை எந்தத் தணிக்கையாளரும் நம்பமாட்டார்.

"வேதத்திலேயே கணக்குக் கேட்கவில்லையே" என்று சில ஊழியர்கள் 2 இராஜாக்கள் 12-ஐக் காட்டுவார்கள். யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும்படி யாரிடம் பணம் கொடுக்கப்பட்டதோ அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று அங்கே இருப்பது நிஜம்தான். ஐந்து வசனம் மேலே போய்ப் பார்க்க வேண்டும். மூடியில் துவாரமிட்ட பெட்டி பலிபீடத்தின் பக்கத்தில் வைக்கப்படுகிறது. பெட்டியில் பணம் மிகுதியானதும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டுகிறார்கள். அரண்மனை ஆள் ஒருவர், ஆலய ஆள் ஒருவர். அதற்கு முன்பு ஆசாரியர்கள் தாங்களே வாங்கித் தாங்களே செலவு செய்த ஏற்பாட்டில் இருபத்துமூன்றாம் வருஷம் வரை பழுது பார்க்கப்படவே இல்லை என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. பவுலும் தர்மப்பணத்தைத் தனியாகச் சுமந்து போகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட்டிப் போனார். 2 கொரிந்தியர் 8-ஐ வாசித்துப் பார்க்கலாம்.

இப்போது காணிக்கையில் ஒரு பங்கு பைக்கு வருவதே இல்லை, போனில் வருகிறது. பல சபைகளில் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் போதகரின் சொந்தப் பெயர் வரும். சபைக்குப் பதிவு இல்லை, ஆகவே பேங்க் கணக்கு இல்லை, ஆகவே பாஸ்டர் நம்பர் என்பார்கள். அவருடைய கணக்கில் சபைக் காணிக்கையும் அவர் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் ஒன்றாகப் புரளும். வருமான வரி அலுவலகத்துக்கு அது முழுவதும் அவருடைய வரவாகவே தெரியும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அவர். டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, சபையின் பெயரில் பான் எடுத்து, கணக்குத் தொடங்கி, அந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டுங்கள். ஒட்டிய பிறகும் மாதம் ஒருமுறை பத்து ரூபாய் அனுப்பி, திரையில் சபையின் பெயர் வருகிறதா, பணம் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். கடைகளில் நடப்பதுபோல ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டும் மோசடி சபைக்கும் வரலாம், கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிற இடம் அல்லவா. ஞாயிறன்று போனில் வந்த தொகையையும் ஸ்டேட்மென்ட் பார்த்து அதே எண்ணும் தாளில் எழுதினால்தான் அன்றைய காணிக்கை முழுமையாகும்.

கணக்குத் தொடங்கினால் மட்டும் தீர்ந்துவிடாது. தனிச் சபைகளில் போதகர் தலைவர், அவர் மனைவி செயலர், மகனோ மருமகனோ பொருளாளர் என்று பத்திரம் எழுதப்பட்டிருப்பது சர்வசாதாரணம். மூவரில் இருவர் கையெழுத்திட்டால் செக் செல்லும் என்ற விதி அங்கே அர்த்தமற்றது. மூன்று கையெழுத்தும் ஒரே வீட்டில் இருக்கிறது. கையெழுத்திடும் இருவரில் ஒருவராவது போதகரின் உறவுக்கு வெளியே இருக்க வேண்டும். வெற்றுச் செக்கில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால், அந்த இரண்டாவது கையெழுத்துக்கும் மதிப்பில்லை. டிரஸ்டை நிறுவியவருக்கோ அறங்காவலரின் குடும்பத்துக்கோ நியாயத்துக்கு மேல் சம்பளம், வாடகை, வட்டியில்லாக் கடன் என்று போனால் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு பறிபோகலாம். நாற்காலி, கீபோர்டு, மிக்சர் வாங்கிய பில்லும் சபையின் பெயரில் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய வினை நிலத்தில் இருக்கிறது. விசுவாசிகள் சேர்ந்து மாதவரம், செங்குன்றம் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கி, அவசரத்துக்குப் போதகர் பெயரில் பத்திரம் முடிப்பார்கள். "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்." அவர் உயில் எழுதாமல் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும் அவர்களில் ஒருவருக்குக் கடன்காரர் இருக்கலாம். சபை மறுபடி முத்திரைத்தாள் கட்டணம் கட்டிப் பத்திரம் பதிய வேண்டும், அதுவும் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டால்தான். வாங்கும்போதே டிரஸ்ட் பெயரில் வாங்கிவிட்டால் ஒரு கையெழுத்தோடு வேலை முடிகிறது.

போதகரின் சம்பளம் பற்றிப் பேசாமல் கணக்கைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம். பல சபைகளில் அவருக்கென்று தொகை எதுவும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். "காணிக்கை எவ்வளவு வருகிறதோ பாஸ்டர் பார்த்துக்கொள்வார்" என்பது கேட்க விசுவாசமாக இருக்கிறது. நடப்பில் சபை தன் கடமையைத் தட்டிக்கழிக்கும் வழி அது. வாடகை கொடுத்தது போக மீதியில் அவர் குடும்பம் நடத்துகிறார், மாதக் கடைசியில் கட்டட நிதியிலிருந்து கைமாற்று எடுக்கிறார், அதைத் திருப்பி வைக்க முடிவதில்லை. நாளை வெடிக்கும் சண்டையைச் சபையே இன்று உண்டாக்குகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தொகையை நிர்ணயித்து, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, முதல் தேதி அவர் பேங்க் கணக்குக்கு அனுப்புங்கள். வீட்டு ஜெபத்திலும் ஸ்தோத்திர ஆராதனையிலும் "ஐயாவுக்கு" என்று சொல்லிக் கொடுக்கும் கவர் அவருடையது. பெயரில்லாமல் பையில் விழுவது சபையுடையது. இதை ஒருமுறை எல்லோரும் கேட்க அறிவித்துவிட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கும்.

இருபது பேருக்குக் குறைவான இடத்தில் பி.எஃப். கட்டாயமில்லை என்பதால் இந்தப் போதகர்களுக்கு முதுமைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை வருஷம் 500 ரூபாயிலிருந்தே நடத்தலாம். பேங்க் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்தால் 2 லட்சம் ரூபாய்க்குப் பிரதமர் ஆயுள் காப்பீடு கிடைக்கும், 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய், அது 70 வயது வரை. வருஷத்துக்கு 456 ரூபாய் செலவு. எந்தச் சபைக்கும் இது பாரமல்ல. கிறிஸ்மஸ் கலர் லைட்டுக்கு இதைப்போலப் பல மடங்கு போகிறது.

மாதம் சராசரி 48,000 வருகிற சபைக்கு ஒரு மாதிரி வரவுசெலவு: வாடகை 12,000, போதகருக்கு 20,000, மின்சாரம் தண்ணீர் 2,500, சண்டே ஸ்கூலும் சவுண்ட் பராமரிப்பும் 3,000, உதவி நிதி 4,000, மிஷனரி ஊழியத்துக்கு 2,500, சேமிப்பு 4,000. சராசரி என்பதில்தான் பொறி இருக்கிறது. காசிமேட்டை நம்பிய குடும்பங்கள் நிறைந்த சபையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காணிக்கை சுருங்கும். கூடவே மே விடுமுறைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், ஜூனில் ஸ்கூல் ஃபீஸ். டிசம்பரில், அதிலும் வருஷக் கடைசி நள்ளிரவு ஆராதனையில், பை நிறையும். அந்த நிறைவைப் பார்த்து ஜனவரியில் தவணைக்கு எல்இடி திரை வாங்கும் சபை மே மாதம் வாடகைக்குத் திண்டாடும். முந்தைய மூன்று ஆண்டின் மாதவாரி வரவை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மூன்று மாத வாடகையும் மூன்று மாதச் சம்பளமும் கையிருப்பாக இல்லாமல் தவணையில் கால் வைக்காதீர்கள்.

குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது. கட்டட நிதிக்கும் மிஷனரி காணிக்கைக்கும் தனித்தனி லெட்ஜர் பக்கம் வேண்டும். கட்டட நிதிக்கு முடிந்தால் தனி பாஸ்புக்கே வேண்டும். அதைச் சீட்டு கட்டுவதோ, விசுவாசிகளுக்கு வட்டிக்குக் கொடுப்பதோ, அதிக வட்டி தருவதாகச் சொல்லும் கம்பெனியில் போடுவதோ கூடவே கூடாது. பேங்க் டெபாசிட் அல்லது தபால் நிலையம், அதோடு சரி. அறுப்பின் பண்டிகையில் படைத்த பொருட்களை ஏலம் விடுவதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் தேவை. உற்சாகத்தில் ஒரு பூசணிக்காய் 3,000 ரூபாய்க்குப் போகும், கைதட்டல் கேட்கும், ஏலம் எடுத்தவர் பூசணிக்காயோடு வீட்டுக்குப் போய்விடுவார், பணம் மட்டும் பாக்கி. அறிவித்த ஏலத் தொகையை வரவாக எழுதி, பிறகு கையில் வராததைச் சமாளிக்கக் கணக்கை வளைப்பதைப் பார்க்கிறோம். கைக்கு வந்ததை மட்டும் வரவு வையுங்கள். பாக்கிப் பட்டியல் தனியாக இருக்கட்டும், அதை மேடையில் வாசிக்க வேண்டாம். யாராவது மோதிரத்தையோ கம்மலையோ பையில் போட்டால் அன்றே போட்டோ எடுத்து, எடைபோட்டு, கிராம் கணக்கில் எழுதி, இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு விற்க வேண்டும். போதகரின் வீட்டுப் பீரோ அதற்கு இடமல்ல.

யார் எவ்வளவு தசமபாகம் கொடுக்கிறார்கள் என்ற பட்டியலைப் போதகர் பார்க்கலாமா என்பது எல்லாச் சபையிலும் வருகிற வாக்குவாதம். பார்க்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. பார்த்தால், வீட்டு விசாரிப்புக்குப் போகும் கால் தன்னையறியாமல் ஒரு சில தெருப்பக்கம் அதிகம் நடக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் அன்பளித்தவர் பெயர் எழுதும் வழக்கத்தைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். ஃபேன் சுற்றினால் பெயர் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

உதவி நிதியிலும் இதே கவனம் வேண்டும். அப்போஸ்தலர் 6-இல் முதல் முறுமுறுப்பே விதவைகளுக்கான பந்தி விசாரணையில்தான் வந்தது. அதற்கென்று ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள், அப்போஸ்தலர்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று பேர் குழு போதும். ஒரு குடும்பத்துக்கு ஒருமுறைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கட்டும். ஃபீஸைப் பள்ளிக்கும் மருந்துச் செலவை மெடிக்கலுக்கும் நேராகக் கட்டிவிடுங்கள். கணக்கில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள்; பெயர்ப் பட்டியல் குழுவிடம் மட்டும் இருக்கட்டும். உதவி வாங்கியவரை மேடைக்கு அழைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது ஃபிளெக்ஸில் எழுதியிருக்கும் எந்த விழுமியத்தில் சேரும் என்று தெரியவில்லை.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்த சபை ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி மாவட்டப் பதிவாளரிடம் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட் என்றாலும் சங்கம் என்றாலும் வரிவிலக்கு வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் தனியாகப் பதிய வேண்டும். பதிந்தபின், வரவு அடிப்படை வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட் உண்டு. ஐம்பது குடும்பச் சபையே அதை எளிதில் தாண்டும். ஆண்டு வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். கட்டடத்துக்காக மீதி 15 சதவீதத்துக்கு மேல் சேர்த்துவைக்க நேர்ந்தால் உரிய படிவம் கொடுத்து 5 ஆண்டு வரை வைக்கலாம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாகவே ஏற்கப்படாது. மேலே சொன்ன 12,000 வாடகையை ரொக்கமாகக் கொடுக்கும் சபைகள் கவனிக்க வேண்டும். காலையில் ஆறாயிரம், மாலையில் ஆறாயிரம் என்று பிரித்தாலும் நாள் ஒன்றுதான். முழுக்க மத நோக்கமுள்ள டிரஸ்டுக்கு 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கான வரிச் சலுகை, கிடைக்காது, எனவே அதை ரசீதில் அச்சடிக்காதீர்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் சிறு சபைகள் தெரியாமல் மாட்டிக்கொள்கின்றன. துபாயில் வேலை செய்யும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சம்பளத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பெண், லீவுக்கு வந்திருக்கையில் இங்குள்ள பேங்க் கணக்கிலிருந்து ரூபாயில் கொடுத்தாலும், ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களும் டெல்லியில் உள்ள எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். போதகரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி அதைச் சபைக்குச் செலவழிப்பது இன்னும் பெரிய தப்பு. கன்வென்ஷனுக்கு வந்த வெளிநாட்டு விருந்தினர் பையில் போட்ட டாலர் நோட்டை அன்றே அவரிடம் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததை எழுதியும் வையுங்கள்.

மாதம் ஒரு தாள், ஒரே பக்கம், அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்: ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு, ஒவ்வொரு நிதியிலும் மீதி. பாஸ்புக் பிரதியும் பக்கத்தில் இருக்கட்டும். "அவிசுவாசிகள் பார்ப்பார்களே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. பார்க்கட்டும். கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டியிருப்பதால் எங்கே வைப்பது என்பதும் நம் பகுதியில் ஒரு பெரிய கேள்வி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் புகுந்த தெருக்கள் நமக்குத் தெரியும். தரையோடு இருக்கும் இரும்புப் பெட்டியில் வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேலே பரண், பிளாஸ்டிக் உறை, கூடவே ஒவ்வொரு பக்கத்தின் போட்டோ இரண்டு பேரின் போனில்.

பொருளாளர் மாறும்போது நடக்கும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறோம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வெள்ளியும் பொன்னும் கொண்டுபோகையில் எஸ்றா பன்னிரண்டு பேரிடம் நிறுத்துக் கொடுத்தார்; போய்ச் சேர்ந்த நான்காம் நாள் ஆலயத்தில் மறுபடி நிறுத்து, எண்ணிக்கையும் எடையும் எழுதிவைக்கப்பட்டது. நம் சபைகளில் ஒரு பையை மட்டும் கைமாற்றிவிட்டு ஜெபம் பண்ணி முடித்துவிடுகிறார்கள். கேஷ் புக் எந்தத் தேதி வரை எழுதப்பட்டிருக்கிறது, டப்பாவில் எவ்வளவு, செக் புக்கில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இலை மீதி, ரசீது புக் எத்தனை, டெபாசிட் பத்திரம் எப்போது முதிர்கிறது, வாடகை அட்வான்ஸ் ஒப்பந்தம் எங்கே, யாருக்கு என்ன பாக்கி என்று ஒரு தாளில் எழுதிப் பழையவர், புதியவர், செயலர் மூவரும் கையெழுத்திட வேண்டும். பேங்கிலும் வருமான வரி இணையதளத்திலும் பதிவான மொபைல் எண்ணை அந்த வாரமே மாற்றுங்கள். இல்லையென்றால் செப்டம்பர் கடைசியில் ஆடிட் அறிக்கை ஏற்றும் ராத்திரி, ஓ.டி.பி. ஆவடிக்கு வீடு மாறிப்போன பழைய பொருளாளரின் போனுக்குப் போகும், அவர் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
சிறு சபைகளின் கணக்குகளைப் பார்த்துவரும் சிலர்,
வியாசர்பாடி – தண்டையார்பேட்டை, சென்னை.